புயலுக்கு ஊதிய கம்பெனிச் சங்கு

“சங்கு ஊதுச்சா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லு!”

கம்பெனி கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆள் ஒருவர் இப்படிக் கத்தினார். அவருக்குப் பின்னால் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் சாப்பாட்டு கேரியர். தலையில் கோணிப்பையை முக்காடாகப் போட்டிருந்தார்கள். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. காற்று மழையைப் பக்கவாட்டில் வீசி அடித்துக்கொண்டிருந்தது.

“ஊதுச்சுய்யா. ஆனா அது வேலைக்கு இல்ல, புயலுக்கு!” என்றார் கேட்டுக்கு உள்ளே நின்ற செக்யூரிட்டி ஆபீசர்.

“புயலுக்கு எவன்யா சங்கு ஊதுவான்? சங்கு ஊதுனா வேலதான். வந்துட்டோம், ரிஜிஸ்டர எடுத்து ஹாஜரி போடு!”

டெலிபோன் அறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அந்தக் கூட்டத்தில் நைனாவைப் பார்த்தேன். ஆந்திரா எல்லைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கேரியரோடு வேலைக்கு வந்து நிற்கிறார். அப்படியானால் அம்மா ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிறாள். என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

ஊருக்கெல்லாம் ஒரே கடிகாரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். கம்பெனியின் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று ஒரு வாசகர் வாராவாரம் சண்டைக்கு வருகிறார். போட மாட்டேன். ஊர் பெயரையும் போட மாட்டேன். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சுனாமி என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்படாத காலம் அது. செல்போன் முதலாளி பையில்தான் இருக்கும்.

சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. ஷிஃப்ட் மாறும்போது கம்பெனியில் ஊதும் சைரன். எங்கள் பக்கம் அதைச் சங்கு என்றுதான் சொல்வோம். ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். காலைச் சங்குக்கு அடுப்பு பற்றும். பகல் சங்குக்கு ஆட்டைக் கட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். கம்பெனி வாசலையே மிதிக்காத கிழவர்கள்கூடச் சங்கு கேட்டுத்தான் மாத்திரை போடுவார்கள். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தாலும், “சங்கு ஊதட்டும்பா” என்று ஒரு குரல் வரும். எல்லோரும் காத்திருப்பார்கள்.

இப்போது அந்தச் சங்கு ஊதுவதில்லை என்கிறார்கள். கார்டு தேய்த்து உள்ளே போகிறார்களாம். என் காது மட்டும் இன்னும் பகல் பொழுதானால் எதையோ எதிர்பார்க்கிறது.

மேஜர் சொன்ன யோசனை

கார்த்திகை அடைமழை. வங்கக் கடலில் புயல், நம் பக்கம்தான் வருகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. சங்கு ஊதிய அன்று, காலை ஷிஃப்ட் ஆட்களும் நானும் உள்ளே வந்தபிறகுதான் கம்பெனியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஷெட்டின் மேல் தகடுகள் பறக்காமலிருக்க இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். மணல் மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிப் படுக்க வைத்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசல், கேன்டீனுக்கு அரிசி, ஆபீசுக்கு மெழுகுவர்த்தி என்று ஓட்டமான ஓட்டம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஓட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேனேஜரும் மூட்டை தூக்குபவரும் ஒரே கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார்கள். நனைந்த சாக்கு வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் மழைக்கு ஒதுங்கினால் எனக்கு அந்தக் கேன்டீன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

செக்யூரிட்டி ஆபீசரை எல்லோரும் மேஜர் என்போம். அவர் பட்டாளத்தில் இருந்தது உண்மை. “சமையக்கட்ல இருந்தாரும்மா” என்பார் எங்கள் டிரெய்லர் டிரைவர் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர். யாரையாவது கிண்டல் பண்ணாமல் அவருக்கு நாஷ்டா இறங்காது.

அந்த மேஜர்தான் மீட்டிங்கில் எழுந்து யோசனை சொன்னார். ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் போன் கிடையாது. ஆனால் நம் சங்கு கேட்கும். ஆபத்து நெருங்கும்போது விடாமல் நீளமாக ஊதுவோம். அதைக் கேட்டதும் ஜனங்கள் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இந்தச் சேதியை முன்கூட்டியே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிடுவது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆட்டோவும் போயிற்று. எங்கள் ஊருக்கு முன்னால் இருக்கும் சகதியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. டிரைவர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்து திரும்பினார். ஆக, சேதி போகவில்லை. அது தெரியாமல் இங்கே சங்கை ஊதினார்கள்.

கடிகாரத்தைத் திருத்திய நைனா

ஊரில் நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாரம் நைனாவுக்குப் பகல் சங்குக்கு ஆரம்பிக்கும் ஷிஃப்ட். லீவு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை; ஆட்டோதான் அதையும் சொல்லியிருக்க வேண்டும். காலையிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது. கூரைமேல் பழைய வலையை வீசிப் போட்டு, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார் நைனா. காற்றுக்குக் கூரை பிய்த்துக்கொள்ளாமலிருக்க எங்கள் ஊர் வழக்கம் அது. திடீரென்று சங்கு. சுவர்க் கடிகாரத்தில் ஷிஃப்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்து முள்ளைத் திருப்பி வைத்தார். சங்கு தப்பாது, கடிகாரம்தான் தப்பு! ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பெண்கள் அவசர அவசரமாகக் கேரியர் கட்டிக் கொடுக்க, பகல் ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் புயல் காற்றில் சைக்கிள் மிதித்துக் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளும் மட்டும் இருந்தார்கள்.

“அவ்ளோ நேரம் ஊதுதே, ஒனக்குக்கூட சந்தேகம் வர்லியாம்மா?” என்று கேட்டிருக்கிறேன்.

“வந்துது. யாராண்ட கேக்கறது? உங்க நைனாவாண்டதான் பேச்சு கெடையாதே!”

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வீட்டிலும் ஆபரேட்டர்

என் அம்மாவும் நைனாவும் பேசிக்கொள்வதில்லை. பல வருஷமாக. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாய் விரிப்பு. பேச்சு மட்டும் கிடையாது.

“கஸ்தூரி, கொழம்புல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“கஸ்தூரி, உப்பு டப்பா அவரு கைக்குப் பக்கத்துலதான் கீதுன்னு சொல்லு.”

மூன்று பேருக்கும் நடுவில் ஒரு சோற்றுப் பானைதான் இருக்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள். கம்பெனி டெலிபோன் போர்டில் பகலெல்லாம் லைன் கொடுத்துவிட்டு வந்தால், வீட்டிலும் அதே உத்தியோகம். சம்பளம் மட்டும் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் அவருக்குக் கேரியர் கட்டாத நாளும் இல்லை, அவர் அவளுக்குப் பூ வாங்கி வந்து அம்மன் படத்துக்குக் கீழே வைக்காத வெள்ளிக்கிழமையும் இல்லை.

காரணம் என்ன என்கிறீர்கள்? ஒரு கல்யாணப் பந்தி.

அம்மாவின் தம்பிக்குப் பெரியபாளையத்தில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று, பந்தி ஓடுகிறது. நைனா பந்தல் ஓரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா புருஷன் இல்லையா? “வாங்க மாமா, சாப்பிடலாம்” என்று மச்சான் வீட்டார் யாராவது வந்து கூப்பிட வேண்டும். அதுதான் முறை. கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பந்தி போயிற்று, அடுத்த பந்தி போயிற்று. அந்தப் பக்கம் வந்த அம்மா, அத்தனை பேர் முன்னாலும், “இன்னா, தொரைக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? எழுந்து போய்த் தின்னு!” என்று சொல்லிவிட்டாள்.

நைனா எழுந்தார். பந்திக்குப் போகவில்லை, பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அட, இதற்கா இத்தனை வருஷம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். “அவ கூப்புட்டுக்கினு போயிருக்கணும்” என்பார் நைனா. “அவரு வந்து பேசட்டும்” என்பாள் அம்மா. அதற்குமேல் லைன் போகாது.

காதர் பாயின் டிரெய்லர்

இப்போது கேட்டுக்கு வருவோம்.

நான் மழையில் ஓடிப்போய், “நைனா, அது ஷிஃப்ட் சங்கு இல்ல! ஊர விட்டுக் கெளம்பச் சொல்லி ஊதுன சங்கு! ஏரி ஏறப்போவுது!” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கேரியரைக் கீழே வைத்தார். “உங்கம்மா ஊட்ல தனியா கீறா” என்றார். அதற்குள் விஷயம் கூட்டம் முழுக்கப் பரவி, ஹாஜரி கேட்டவர்கள் எல்லாம் சைக்கிளைத் தேட ஆரம்பித்தார்கள்.

மேஜரை நான் ரொம்பக் கிண்டல் பண்ணிவிட்டேன். இதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், “சைக்கிள்ல போயி எப்படிய்யா பொம்பளைங்களக் கூட்டியாருவீங்க? டிரெய்லர எடு!” என்று கத்தினார். கம்பி ஏற்றும் நீளமான டிரெய்லர். சுற்றிலும் கயிறு கட்டி, சாக்கு விரித்தார்கள். காதர் பாய் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கம்பெனி பஸ் மற்ற கரையோர ஊர்களுக்குப் போயிற்று.

போன் லைன் எல்லாம் செத்துவிட்டிருந்தது. போர்டில் எனக்கு வேலை இல்லை. மேஜர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, நானும் டிரெய்லரில் ஏறிவிட்டேன். ஏனென்றால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் போகாவிட்டால் அந்த வீட்டில் “கிளம்பு” என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

போர்டு அவுட் ஆஃப் ஆர்டர்

ஊருக்குள் போனபோது தெருவில் கணுக்கால் தண்ணீர். ஏரி இருந்த பக்கம் ஒன்றும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. வேலைக்குப் போன ஆம்பிளைகள் டிரெய்லரில் திரும்பி வந்ததைப் பார்த்ததுமே பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ரேஷன் கார்டை மடியில் செருகிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மளமளவென்று ஏறினார்கள்.

அம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள்.

“கெளம்பும்மா, தண்ணி ஏறுது” என்றேன்.

அவள் என்னைத் தாண்டி முருங்கை மரத்தடியைப் பார்த்தாள். அங்கே நைனா நனைந்துகொண்டு நின்றார்.

“கஸ்தூரி, உங்கம்மாவ வண்டியில ஏறச் சொல்லு.”

“கூப்புட வேண்டியவங்க வாயத் தொறந்து கூப்புட்டா வரேன்னு சொல்லு. ஆட்ட ஓட்டற மாதிரி ஓட்டுனா நான் ஏற மாட்டேன்.”

“இது சண்ட போடற நேரமான்னு கேளு!”

“சண்ட போடக்கூட வாயத் தொறக்கணும்னு சொல்லு!”

காதர் பாய் விடாமல் ஹாரன் அடித்தார். “இன்னாம்மா பேஜாரு பண்றீங்க! ரோடு முழுகிட்டா டிரெய்லரு திரும்பாதும்மா!” டிரெய்லரில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கீற்று பிய்த்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்து போயிற்று.

எனக்கு வந்ததே கோபம்!

“போதும்! இன்னிக்கி போர்டு அவுட் ஆஃப் ஆர்டர். ஒருத்தருக்கும் லைன் குடுக்க மாட்டேன். பேசணும்னா நேராப் பேசுங்க. இல்லியா, மூணு பேரும் இங்கியே முழுகிச் சாவலாம்!”

சொல்லிவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நைனா என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். தினமும் சாப்பிட உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைத் தண்ணீர் அவர் சட்டையிலிருந்து தரையில் சொட்டியது.

“அன்னிக்கி எனக்குப் பசிச்சுதுமே” என்றார்.

முதலில் என்னிடம் சொல்கிறார் என்றே நினைத்தேன். பெண்டாட்டியைக் கூப்பிடும் ‘மே’ போட்டு என்னிடம் ஏன் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஜனம் எவனும் கூப்புடல. செரி, கெடக்கட்டும். நீயாவது வந்து, வா ஒக்காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அத்தன பேரு முன்னாடி அப்டிப் பேசிட்ட.”

வெளியே காதர் பாய் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

“நீ சாப்புடாத பஸ் ஏறிட்டன்னு சொன்னாங்க” என்றாள் அம்மா. “பாதி எலையில எழுந்துட்டேன். நானுந்தான் அன்னிக்கி சாப்புடல.”

அந்த வீட்டில் என் வழியாகப் போகாத பேச்சே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்கே தெரியாது.

“இத்தினி வருசமா சொல்லவே இல்லியேமே.”

“நீ எங்க கேட்ட?”

நைனா எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். துண்டும் ஈரம், முகமும் ஈரம். “செரி, வாமே. போலாம்” என்றார். அம்மா அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் ஓடிப்போய் டிரெய்லரில் ஏறிவிட்டாள். நைனா ஒரு கோணிப்பையை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள்.

வராத புயல்

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. கடைசி நேரத்தில் வடக்கே திரும்பி ஆந்திராவில் கரை கடந்தது. ஏரித் தண்ணீர் வீடுகளுக்குள் வந்து, சேற்றை விட்டுவிட்டு இறங்கிப் போயிற்று. வராத புயலுக்கு இத்தனை அமர்க்களமா என்று பள்ளிக்கூடத்தில் உப்புமா தின்றுகொண்டே ஊரே மேஜரைத் திட்டியது. அவருக்கு நான் மட்டும் போய் நன்றி சொன்னேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது பேச்சு. அப்பப்பா! விட்டுப்போன வருஷங்களையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினார்கள். முக்கால்வாசி சண்டைதான். உப்புக்குச் சண்டை, கொசுவத்திக்குச் சண்டை, கடிகாரத்தை யார் சரிசெய்வது என்று ஒரு சண்டை. “கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்” என்று நானே கெஞ்சியிருக்கிறேன். கல்யாணமாகிக் காக்களூருக்கு வந்தபிறகு, போன் பண்ணினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் வைக்க மனசு வராது.

நைனா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா அதே ஏரிக்கரை வீட்டில்தான் இருக்கிறாள். எவ்வளவு கூப்பிட்டாலும் என்னோடு வந்து இருக்க மாட்டாள்.

இந்த வாரமும் டிவியில் புயல் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று போன் பண்ணினேன். வரமாட்டேன் என்பாள், எப்படிக் கெஞ்சுவது, எப்படி மிரட்டுவது என்று எல்லாம் மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டுதான் பேசினேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“வண்டி அனுப்புடி, வந்துர்றேன்” என்றாள். “இனிமே யாரு வந்து கூப்புடணும்னு நான் ஒக்காந்துக்கினு இருக்கப் போறேன்?”